பரண்மேல் வில்லோடு: அலபாமாவின் ஜனவரி மான் வேட்டையில் எது தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஹன்ட்ஸ்வில்லில் வேலை, கரிசலில் வேட்டை. பன்னிரண்டு வருஷமாக என் குளிர்காலம் இப்படித்தான் போகிறது. அலபாமாவின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி கிழக்கு மேற்காக ஓடும் நிலத்தைப் ‘பிளாக் பெல்ட்’ என்பார்கள். ஒரு காலத்தில் பருத்தி விளைந்த கருப்பு மண். இப்போது பைன் தோப்புகள், மேய்ச்சல் நிலங்கள், ஓடைக்கரைகளில் ஓக் மரங்கள். வெண்வால் மானுக்கு ஏற்ற பூமி.

ஜனவரி பிறந்தால் தெற்கு மாநிலங்களில் இருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து போன் வரும். “அண்ணா, மான் வந்துச்சு, நின்னுச்சு, போயிருச்சு. என்ன தப்பு பண்ணினேன்?” கேள்வி எப்போதும் ஏதாவது ஓர் அறிகுறியோடுதான் வரும். அதனால் இதையும் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் பரணைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வது உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வகுத்து அரசே அனுமதிக்கும் அலபாமா வேட்டையைப் பற்றி. மரத்தில் கட்டி, ஏறி உட்காரும் இருக்கையைக் கடையில் ‘ட்ரீஸ்டாண்ட்’ என்று விற்பார்கள், அதை நான் பரண் என்றே சொல்வேன். தினைப்புனம் காக்க நம்மவர்கள் ஏறியதும் இப்படி ஒன்றில்தான். ஆண் மானைக் கொம்பன் என்று சொல்லிப் பழகிவிட்டது, அதையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பரண் ஆடுகிறது, கிரீச்சிடுகிறது, ஏறும்போது கால் வழுக்குகிறது

வேட்டையை அங்கேயே நிறுத்துங்கள். மற்றப் பிழைகளுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறது, இதற்கு இல்லை.

பெரும்பாலும் காரணம் பரணை மரத்தோடு கட்டும் வார்ப்பட்டை. போன வருஷம் கட்டியதை மரத்திலேயே விட்டிருப்பீர்கள். வெயிலில் நார் இற்றிருக்கும், அணில் கடித்திருக்கும், மரம் பருத்துப் பட்டை இறுகியிருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று நூல் பிரிந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது கட்டுங்கள். மரத்தையும் பாருங்கள். உச்சிக்கிளை பட்டிருந்தாலோ, அடியில் பட்டை உரிந்து காளான் பூத்திருந்தாலோ அந்த மரம் வேண்டாம்.

உடம்பு முழுவதையும் பிடிக்கும் ஹார்னஸ் இல்லாமல் ஏறாதீர்கள். மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். அதனால் பரணுக்கு மேலே மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி அடிவரை தொங்கவிடுங்கள். அதில் புரூசிக் முடிச்சை (கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும்) போட்டு, தரையில் நிற்கும்போதே ஹார்னஸை மாட்டி, ஏற ஏற முடிச்சை நகர்த்திக்கொண்டே போங்கள். காலுக்கு ஒரு சுருக்குப்பட்டையும் பையில் இருக்கட்டும். விழுந்து ஹார்னஸில் தொங்க நேர்ந்தால் கால்களில் ரத்தம் தேங்கும், சற்று நேரத்தில் மயக்கம் வந்துவிடும். அந்தச் சுருக்கில் கால் வைத்து எழுந்து நின்றால் ரத்தம் ஓடும். வில்லைத் தோளில் மாட்டி ஏறவே கூடாது. அம்புகளைத் தூணியில் மூடிவைத்து, மேலே போனபிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் துப்பாக்கிப் பருவமும் சேர்ந்தே நடக்கும். தரையில் 12 அடிக்கு மேல் பரணில் இருப்பவருக்கு ஆரஞ்சு நிறக் கட்டாயம் இல்லை. ஆனால் பரணுக்கு நடந்துபோகும்போதும் திரும்பும்போதும் ஆரஞ்சுத் தொப்பியோ மேலாடையோ வேண்டும். வில் வேட்டைக்காரருக்கும் அதே விதிதான்.

“நவம்பர் முழுக்க உட்கார்ந்தேன், ஒரு கொம்பன்கூட வரவில்லை”

உங்கள் பரணில் பிழை இல்லாமல் இருக்கலாம். பிழை நாள்காட்டியில். யூடியூபில் பார்ப்பதெல்லாம் அயோவா, இல்லினாய் வேட்டைகள். அங்கே இணைசேரும் பருவம் நவம்பர் நடுவில் உச்சம். பிளாக் பெல்ட்டில் அது ஜனவரியில்தான் வரும்.

காரணம் குளிர் இல்லை. பகல் நீளம் குறைவது எல்லா மானுக்கும் சமிக்ஞைதான், ஆனால் அதற்கு எந்தத் தேதியில் உடம்பு இசைய வேண்டும் என்பது வம்சத்தில் வருவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலபாமாவில் மான் அநேகமாக அற்றுப்போயிருந்தது. பிறகு அங்கங்கே பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். மாநிலத்தின் தென்மேற்கில் எஞ்சியிருந்த மான்களின் வம்சம் பரவிய இடங்களில் ஜனவரிப் பருவம். வடக்கே பேங்க்ஹெட் காட்டில் 1920களில் விட்டது மிச்சிகன் மான்கள், அங்கே இன்றும் நவம்பரிலேயே பருவம் வந்துவிடுகிறது. நூறு மைல் வித்தியாசத்தில் இரண்டு மாதம் மாறும்.

ஆகவே முதல் வேலை, மாநில இயற்கை வளத்துறை வெளியிட்டிருக்கும் இணைசேரும் பருவ வரைபடத்தில் உங்கள் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, பார்ப்பது. பெண் மான்களின் கருவை அளந்து, கருத்தரித்த நாளைக் கணக்கிட்டுத் தயாரித்தது அது. அடுத்தது கண்ணால் பார்ப்பது. இளம் கொம்பன் மூக்கைத் தரையில் தேய்த்தபடி, மேய்ச்சலையே மறந்து நடக்கிறதென்றால் பருவம் வந்துவிட்டது. ஒரு பெண் மான் இசைந்திருப்பது ஒன்றிரண்டு நாள்தான். அப்போது சேராவிட்டால் ஏறக்குறைய 28 நாளில் திரும்ப வரும். வில் வேட்டை பிப்ரவரி 10 வரை இருப்பதால் கடைசி வாரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

காட்டில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராவில் இரவு மட்டும் கொம்பன் தெரிகிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமராவைச் சோளம் கொட்டிய இடத்திலோ கோதுமைப் பச்சை வயலிலோ வைத்திருப்பீர்கள். பகலில் கொம்பன் அங்கே வராது. பெண் மான்கள் படுத்திருக்கும் புதருக்குக் காற்றின் கீழ்ப்பக்கமாக, மோந்துகொண்டே ஓரமாக நடக்கும். வெட்டிவிட்ட பைன் தோப்பில் முள்ளும் இளங்கன்றும் இடுப்பளவு வளர்ந்திருக்குமே, அந்த ஓரத்துக்குப் பரணை மாற்றுங்கள். பத்து மணிக்கு இறங்கி வீட்டுக்கு வராதீர்கள். பருவ உச்சத்தில் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நான் பார்த்த கொம்பன்கள் விடியலில் பார்த்ததைவிட அதிகம்.

மான் வருகிறது, ஐம்பது கெஜத்தில் நின்று சீறிவிட்டு ஓடுகிறது

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். விடை சொல்லுமுன் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: நின்றபோது தலை எப்படி இருந்தது?

தலை நிமிர்ந்து, மூக்குத் துளை விரிந்து, பட்டென்று ஒரு சீறல் சீறி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடியது என்றால் காற்றில் உங்கள் வாடை போயிருக்கிறது.

தலை குனிந்து, தரையில் ஓரிடத்தை மோந்து, அப்படியே பின்வாங்கியது என்றால் நீங்கள் நடந்துபோன தடம். பரணுக்குப் போகும் வழி மான் நடக்கும் வழியைக் குறுக்கே வெட்டுகிறது. சுற்றுவழியானாலும் பரவாயில்லை, ஓடைக்குள் இறங்கி நடந்து போங்கள்.

முன்னங்காலால் தரையைத் தட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டி, போகவும் மனமில்லாமல் வரவும் மனமில்லாமல் நின்றது என்றால் அது எதையோ பார்த்திருக்கிறது, மோப்பம் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த பகுதி.

முதல் வகையைத் தீர்ப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் போன் செயலி காட்டும் காற்று ஒன்று, பரணடியில் ஓடும் காற்று வேறு. இங்கே பழைய வேட்டைக்காரர்கள் ‘மில்க்வீட்’ பஞ்சை டப்பியில் வைத்திருப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்ததும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். நம் ஊர் எருக்கம் பஞ்சேதான், அதே குடும்பத்துச் செடி. சின்ன வயசில் ஊதிவிட்டுப் பின்னாலேயே ஓடுவோமே, அதுவே இங்கே காற்றுமானி. காற்றுப் பார்க்க ஊதிவிடும் மாவுத்தூள் குப்பி காட்டுவது கை எட்டும் தூரத்துக் காற்றை மட்டும். பஞ்சு அறுபது எழுபது கெஜம் வரை கண்ணுக்குத் தெரியும்.

நாலு வருஷம் முன்பு ஒரு சாயங்காலம், செயலி வடமேற்குக் காற்று என்றது. அதற்கேற்ற பரணில்தான் ஏறியிருந்தேன். நாலரை மணிக்கு ஒரு பஞ்சை விட்டேன். முப்பது கெஜம் வரை ஒழுங்காகத் தென்கிழக்கே போனது. பள்ளத்துக்கு மேலே வந்ததும் தயங்கி, மெல்ல இறங்கி, பள்ளத்துக்குள் திரும்பி, தண்ணீர் ஓடுவது போலவே வளைந்து வளைந்து ஓடையை நோக்கிப் போனது. அந்தப் பள்ளத்தில்தான் மூன்று நாளாக மான்கள் என்னை மோந்து ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு விட்டுப் பார்த்தேன், இரண்டும் அதே வழி. அன்றைக்கே இறங்கிவிட்டேன்.

நடப்பது இதுதான். வெயில் இறங்கியதும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தாழ்வான இடத்துக்கு வழியும். விடியும் வரை அப்படியே. வெயில் தரையைச் சுட ஆரம்பித்ததும் மேலே ஏறும். காற்று பலமாக வீசும் நாளில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. காற்று அடங்கிய நாளில் இதுதான் ராஜா, ஜனவரியில் நல்ல வேட்டை நாட்களெல்லாம் பெரும்பாலும் காற்று அடங்கியவையே. ஆகவே சாயங்காலப் பரண் மான் வரும் பாதையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். காலைப் பரண் மேட்டில் இருக்கட்டும், வெயில் ஏறிய பிறகு உங்கள் வாடை தலைக்கு மேலே போய்விடும். ஒவ்வொரு பரணிலும் அரை மணிக்கு ஒரு பஞ்சு விட்டு, எந்தக் காற்றுக்கு எங்கே போகிறது என்று குறித்துவையுங்கள். ஒரு பருவம் செய்தால் ஆயுசுக்கும் உதவும்.

வாடை போக்கும் தெளிப்பான்களைப் பற்றிக் கேட்பார்கள். துணியை மணமில்லாத சோப்பில் துவைப்பது நல்லது, நானும் செய்கிறேன். ஆனால் காற்று தப்பான நாளில் எந்தப் புட்டியும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. சமையலறையில் தொங்கவிட்ட ஜாக்கெட்டை மட்டும் போட்டுப் போகாதீர்கள். தாளித்த வாசனை கம்பளியில் வாரக்கணக்கில் நிற்கும்.

மான் மேலே பார்க்கிறது, வில்லை இழுக்கும்போது பிடித்துவிடுகிறது

பரணின் உயரத்தைக் கூட்டத்தான் எல்லோரும் ஓடுவார்கள். வேண்டாம். 18 முதல் 20 அடி போதும். கீழே போய், மான் வரும் இடத்தில் அதன் உயரத்துக்குக் குனிந்து உங்கள் பரணைப் பாருங்கள். ஜனவரியில் இலை கொட்டியிருக்கும். பின்னால் வெறும் வானம் தெரிந்தால், கொக்கு மாதிரி ஒற்றையாகத் தெரிவீர்கள். இரட்டைத் தண்டு மரத்தையோ, பைன், சீடார் மாதிரி பச்சை நிற்கும் மரம் பின்னால் இருக்கும் இடத்தையோ தேடுங்கள்.

இழுப்பதற்கு நேரம் உண்டு. மானின் தலை மரத்துக்குப் பின்னால் போகும்போது, அல்லது அது வேறொரு மானைப் பார்க்கும்போது. கண் தெரிகிறதென்றால் உங்கள் கை அசையக் கூடாது.

குளிரில் வில்லை இழுக்கவே முடியவில்லை

அக்டோபரில் டி-ஷர்ட்டோடு 65 பவுண்டு இழுவையுள்ள வில்லை இழுத்தவர், ஜனவரி காலை பூஜ்ஜியம் டிகிரியில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தபிறகு இழுக்கப் பார்க்கிறார். கை வானத்தைப் பார்த்து எழும்பும், மானும் பார்த்துவிடும். இழுவையை ஐந்து பத்து பவுண்டு குறையுங்கள், குறைத்தபின் குறியை மறுபடி சரிபாருங்கள். கூரான முனைக்கு 55 பவுண்டே தாராளம். நடக்கும்போது கனமான ஜாக்கெட்டைப் போடாமல் பையில் வைத்து, மேலே ஏறி வியர்வை அடங்கியதும் போட்டுக்கொள்ளுங்கள். அம்பு காரணமே இல்லாமல் இடப்பக்கம் போகிறதென்றால் நாண் சட்டைக்கையில் உரசுகிறது. முன்கைக்கு ஒரு பட்டி கட்டினால் தீர்ந்தது. பயிற்சியை அதே குளிராடையோடு, உட்கார்ந்தபடி செய்யுங்கள்.

அம்பு முதுகுக்கு மேலே போகிறது

மூன்று காரணம் இருக்க முடியும். அநேகம் பேர் தப்பான ஒன்றைச் சரிசெய்வார்கள்.

முதலில் சந்தேகப்படுவது தூரத்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 அடி உயரத்திலிருந்து, தரையளவில் 20 கெஜத்தில் நிற்கும் மானுக்குச் சாய்வுத் தூரம் 21 கெஜம். ஒரு கெஜ வித்தியாசத்தில் அம்பு முதுகைத் தாண்டாது.

இரண்டாவது உங்கள் உடம்பு. கீழே பார்க்கும்போது கையை மட்டும் தாழ்த்தினால் தோள், கண், நாண் மூன்றும் சேரும் கோணம் குலையும். தரைக்கு நேராக இழுத்து, பிறகு இடுப்பிலிருந்து குனியுங்கள். சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வேட்டைக்கு முன்பே ஹார்னஸோடு பரணில் ஏறிக் குறிப்பலகைக்கு எய்து பார்ப்பது. அங்கேயும் மேலே போனால் உடம்புதான் காரணம்.

பயிற்சியில் சரியாக விழுந்து, மானிடம் மட்டும் மேலே போனால் மூன்றாவது: மான் தாழ்ந்துவிட்டது. உங்கள் அம்பு நொடிக்கு 280 அடி, நாணின் சத்தம் 1,100 அடி. இருபது கெஜத்தில் சத்தம் போய்ச் சேர்ந்து ஆறில் ஒரு நொடி கழித்துத்தான் அம்பு சேரும். துள்ளி ஓடக் கால்களை மடக்கும் மான் அதற்குள் முதுகை இறக்கிவிடும். முப்பது கெஜத்தில் ஒரு சாண்கூட இறங்கலாம். கனமான அம்பு வில்லின் சத்தத்தைக் குறைக்கும், நாணில் ரப்பர் அடக்கிகளும் உதவும். எல்லாவற்றையும்விட உதவுவது, விறைத்து நிற்கும் மானுக்கு எய்யாமல் இருப்பது. நடக்கும் கொம்பனை நிறுத்த வாயால் ‘ம்ஆ’ என்பார்கள். அந்தச் சத்தமே அதை விறைக்க வைக்கும். இருபது கெஜத்துக்குள் என்றால் மெதுவாகச் சொல்லுங்கள், அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள்.

நேர் கீழே நிற்கும் மானுக்கும் எய்ய வேண்டாம். ஒரு நுரையீரல்தான் கிடைக்கும். அம்பு எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே வெளியேறும் என்று பார்த்துக் குறிவையுங்கள்.

அம்பு பட்டது, மான் கிடைக்கவில்லை

தூக்கம் கெடுக்கும் போன் இதுதான். போன ஜனவரியில் அப்படி ஒன்று வந்தது. பர்மிங்ஹாமில் படிக்கும் தம்பி, மாலை ஐந்தேகால் மணிக்கு எய்திருக்கிறான். குரல் நடுங்கியது. “அண்ணா, பட்டுருச்சு. முதுகை வளைச்சுக்கிட்டு மெதுவா நடந்து போச்சு. இறங்கித் தேடவா?” இறங்காதே என்றேன். பட்டதும் முதுகை வளைத்து நடந்தது என்ற ஒன்றே போதும், அம்பு பின்னால் தள்ளி வயிற்றில் பட்டிருக்கிறது.

இப்படி நேர்ந்தால் முதலில், கடைசியாக மானைப் பார்த்த மரத்தை மனதில் பதியுங்கள். மணி பாருங்கள். அரை மணி கழித்து ஓசையில்லாமல் இறங்கி அம்பை மட்டும் எடுங்கள். அம்பு எல்லாவற்றையும் சொல்லும். இளஞ்சிவப்பு ரத்தம், சின்னச் சின்ன நுரைக்குமிழ்: நுரையீரல். அந்த அரை மணியே போதும், நூறு நூற்றைம்பது கெஜத்துக்குள் கிடக்கும். நுரையில்லாமல் கருஞ்சிவப்பு: கல்லீரல், நாலு மணி நேரமாவது விடுங்கள். பச்சையோ பழுப்போ தடவியிருந்து, முகர்ந்தால் சாண நாற்றம் அடித்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். வெள்ளை முடியும் கொஞ்சம் கொழுப்பும் மட்டும் இருந்தால் அடிவயிற்றையோ மார்படியையோ உரசியிருக்கலாம், அது பிழைத்துக்கொள்ளவும் கூடும். ஆனாலும் தேடாமல் விடக் கூடாது.

காத்திருப்பது கொடுமை போலத் தோன்றும். துரத்துவதுதான் கொடுமை. குடலில் பட்ட மான் தனியே விட்டால் கிட்டத்திலேயே, பெரும்பாலும் தண்ணீரோரம், படுத்துவிடும், எழாது. கிளப்பிவிட்டால் ஒரு மைல் ஓடும், ரத்தமும் சிந்தாது, எங்கோ முள்ளுக்குள் ராத்திரியெல்லாம் கிடந்து சாகும். நாம் எய்த அம்புக்கு நாம்தான் பொறுப்பு.

தேடும்போது ரத்தத்தின்மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடந்து, ஒவ்வொரு துளிக்கும் டாய்லெட் பேப்பரில் ஒரு துண்டு போட்டுக்கொண்டே போங்கள். ரத்தம் நின்றுவிட்டால் திரும்பிப் பாருங்கள், அந்த வெள்ளைத் துண்டுகள் மான் போன திசையைக் காட்டும். அதிலும் தெரியாவிட்டால் காட்டை மிதித்துக் குழப்பாமல் வெளியே வந்து, ரத்தம் மோந்து தேடும் நாய் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். ஊர்ப்பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். பக்கத்து நிலத்துக்குள் போவதானால் நிலக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், எந்த நேரமானாலும்.

தம்பியின் அம்பு பச்சையாக இருந்தது. ராத்திரி நானும் கிளம்பிப் போனேன். அன்று குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்ததால் கறி கெடாது என்ற தைரியம் இருந்தது, பன்னிரண்டு டிகிரி ராத்திரியானால் அது வேறு கணக்கு. அவன் தூங்கவே இல்லை. காலை ஆறரைக்கு உறைபனி மூடிய புல்லில் தேட ஆரம்பித்தோம். நாற்பது கெஜத்தில் ரத்தம் அற்றுவிட்டது. தரை சரிவது ஓடைப்பக்கம் என்பதால் அப்படியே இறங்கினோம். ஓக் இலைச்சருகு நடுவே ஒரு வெள்ளை வயிறு. காலை மடித்து, படுத்த இடத்திலேயே இருந்தது. ரோமத்தின் நுனியெல்லாம் பனி. பரணிலிருந்து நூற்றிருபது கெஜம்தான். அவன் குனிந்து அதன் கழுத்தில் கைவைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான், நான் தள்ளி நின்றேன்.

பிறகு வேலை இருந்தது. குடலில் பட்ட மானை வெட்டும்போது கிழிந்த பாகத்தை முதலில் ஒதுக்கி, உள்புறத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும், நாற்றமடிக்கும் சதையை மனம்தளராமல் அரிந்து எறிய வேண்டும். வெயில் ஏறினால் அலபாமாவில் ஜனவரி மதியம்கூடப் பதினைந்து டிகிரியைத் தொடும், ஆகவே பத்து மணிக்குள் தோலை உரித்து ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். கொன்ற மானை 48 மணி நேரத்துக்குள் மாநில அரசின் வேட்டைப் பதிவேடான ‘கேம் செக்’கில் பதிவு செய்ய வேண்டும். ஒரு பருவத்துக்கு மூன்று கொம்பன்தான் கணக்கு. வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து, ரத்தம் காய்ந்த விரலால் தம்பி போனில் பதிவு செய்தான். உறுதி எண் வந்ததும் என்னிடம் நீட்டிக் காட்டினான்.